கொல்லத்தில் முடித்த பிறகு வீடு வந்து சேர்வது எப்படி: நிதிப் பயணம் போகும் புதியவர்களுக்கு

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்காக நிதி திரட்ட எங்கள் ஊர்க் குழு போகும் சைக்கிள் பயணத்தில் ஒரு கூத்து உண்டு. சென்னையில் கிளம்பி திருச்சி, மதுரை, ராஜபாளையம் வழியாக மிதித்து வந்தால் ஆறாம் நாள் சாயங்காலம் செங்கோட்டை. அதாவது சொந்த ஊர். ஆனால் பயணம் முடிவது கொல்லம் கடற்கரையில், இன்னும் சுமார் 95 கிலோமீட்டர் தள்ளி. அன்று ராத்திரி உள்ளூர்க்காரனும் மண்டபத்தில்தான் படுக்க வேண்டும் என்று கட்டாயமே வைத்திருக்கிறோம். வீட்டுக் கட்டிலில் படுத்தவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே வீட்டைத் தாண்டிப் போய், முடித்து, மறுபடி அதே மலையைக் கடந்து வீட்டுக்கு வர வேண்டும். நான் நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்பவர்கள் கேட்பதெல்லாம் போகும் வழியைப் பற்றித்தான்: எந்த டயர், எந்த சீட், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர். திரும்பும் வழியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. முதல் வருஷம் நானும் கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடற்கரையில் மாலை, பேனர், போட்டோ எல்லாம் ஆனது. நாலு மணிக்குப் பார்த்தால் பதினொரு சைக்கிள், பதினொரு ஆள், வருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அன்றைக்குக் கற்றதும் அதற்குப் பிறகு பட்டதும்தான் இங்கே எழுதியிருப்பவை.

கிளம்பும் முன்பே திரும்பும் வழி

முதல் வேலை, மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை. நம் பக்கம் குற்றாலச் சாரல். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் காலம். ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று ஐயப்பன்மார் குடியிருக்கும் பாதை இது, ராத்திரி பகல் பாராமல் வேனும் பஸ்ஸும் ஓடும். பொங்கல் கழிந்து, மகரவிளக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியோ பிப்ரவரியோ வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் வந்தால் கொல்லத்து வேக்காட்டில் சட்டையைப் பிழியலாம்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு திரும்பும் டிக்கெட். முடிக்கும் நாளுக்கு அடுத்த நாளுக்கே போடுங்கள், அதே நாளுக்கு வேண்டாம். கடைசி நாளில் ஒருத்தருக்காவது பஞ்சர் ஆகும், ஒருத்தராவது வழி மாறிப் போவார். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தோடு புனலூர் இறக்கத்தில் வண்டி விடுவதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை.

மூன்றாவது, சைக்கிள் வாங்கிய பில்லையும் சட்ட எண்ணையும், அதாவது பிரேம் நம்பரையும், போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சட்ட எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், வண்டியைக் கவிழ்த்தால் தெரியும் இடத்தில் பொறித்திருக்கும். இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசி நாள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வரை சமதளம். அப்புறம் எஸ் வளைவு, ஏற்றம், கோட்டைவாசலில் கேரள எல்லை. நம் பக்கத்து ஏற்றம் குறுகியது. அந்தப் பக்கத்து இறக்கம் நீளமானது. ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று வளைந்து வளைந்து இறங்கும். ஆறு நாள் மிதித்த கைக்கு பிரேக் பிடிக்கவே வலுவிருக்காது. அதனால் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள், மறுபடி பிடியுங்கள். இறுக்கிக்கொண்டே போனால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் பிடிப்பு குறையும்.

இந்தச் சாலையின் உண்மையான பயம் டாரஸ் லாரிகள். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும்போது ஊர்ந்து போகும்; காலியாகத் திரும்பும்போது பறக்கும். நீங்கள் இறங்கும்போது எதிரே வருபவை அந்தக் காலி வண்டிகள். வளைவில் நடுக்கோட்டைத் தொடவே தொடாதீர்கள். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் ரோட்டோரமாகவே நிற்கும். பார்க்க ஆசையிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்து ஓடையில் விழுந்தவரை எனக்குத் தெரியும்.

முடித்த முதல் ஒரு மணி நேரம்

கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்ததும் எல்லோரும் செய்வது, மணலில் மல்லாந்து படுப்பது. படுக்காதீர்கள். பத்து நிமிஷம் நடங்கள். ஈரச் சட்டையையும் பேட் வைத்த டிரவுசரையும் உடனே மாற்றுங்கள். அந்த ஈரத்தோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேட்டி கொடுத்தால் தொடையிடுக்கில் புண் வரும்; இதுவரை இல்லாதவருக்கும் வரும்.

அப்புறம் குடி. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றுவதைவிட உப்பும் சர்க்கரையும் சேர்ந்தது நல்லது. கேரளக் கடைகளில் உப்பு போட்ட நாரங்கா (எலுமிச்சை) சோடா, சம்பாரம் என்கிற நீர்மோர் எங்கும் கிடைக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருந்தால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே கரையுங்கள், அரை லிட்டர் பாட்டிலில் போட்டுக் குலுக்க வேண்டாம். சாப்பாட்டுக்குக் கஞ்சியும் பயறும் போல ஒன்று கிடையாது. அதோடு ஒரு ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம். பொரித்த மீன் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். கோலா நிறத்தில் போய், தொடை கல்லாக இறுகி வலித்தால் குடித்துச் சரிசெய்யும் விஷயமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது வலி மாத்திரை, முக்கியமாக புரூஃபென், டைக்ளோஃபினாக் வகை, போடாதீர்கள். அதுவும் சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்திருந்தால் பதற வேண்டாம். ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தியதால் வருவது, பெரும்பாலும் தானே தெளியும். சில வாரமாகியும் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

சைக்கிளை எதில் ஏற்றுவது

வழி மூன்று: ரயில், லாரி, அல்லது மறுபடி மிதித்தே வருவது.

ரயில் என்றால் கொல்லம் சந்திப்பிலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு வருகிற வண்டிகள் இருக்கின்றன. 1904இல் மீட்டர்கேஜாகத் திறந்த பாதை, அகலப்பாதையாக மாறி 2018இல் முழுதாக ஓடத் தொடங்கியது. சைக்கிளைப் பெட்டிக்குள் தூக்கிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். பார்சல் ஆபீசில் இரண்டு வகை உண்டு. உங்கள் டிக்கெட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே வண்டியில் சாமான் ஏற்றும் பிரேக் வேனில் போடுவது லக்கேஜ். டிக்கெட் இல்லாமல் தனியாக அனுப்புவது பார்சல். அது எந்த வண்டியில் இடமிருக்கிறதோ அதில் வரும், ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ‘லக்கேஜ்’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கவுண்டரில் சைக்கிளைப் பார்த்ததும் பார்சல் என்றே எழுதத் தொடங்குவார்கள்.

அரை மணி நேரம் முன்னால் வரவேண்டும் என்பது விதி. நான் சொல்வது இரண்டு மணி நேரம். அடையாள அட்டை நகல் கொண்டு போங்கள். சைக்கிளில் பெயர், போன் எண், ‘கொல்லம் – செங்கோட்டை’ என்று அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று அறுந்தாலும் ஒன்று இருக்கும். லைட், பம்பு, பாட்டில், மைலேஜ் மீட்டர் எல்லாம் கழற்றிக் கைப்பையில். இறங்கும் ஸ்டேஷனில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும், அங்கே சாமான் இறக்குவார்களா என்று ஏற்றும் இடத்திலேயே கேளுங்கள். இரண்டு நிமிஷம் நிற்கும் ஊருக்குப் பதிந்தால் உங்கள் சைக்கிள் உங்களைத் தாண்டி ஊர் சுற்றப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது லாரி. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து தினம் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு வண்டிகள் போகின்றன. விடிகாலையில் இறக்கிவிட்டு, மத்தியானத்துக்குள் காலியாகத் திரும்புகின்றன. வண்டி வராத அந்த முதல் வருஷம் எங்களைக் காப்பாற்றியது இப்படி ஒரு வண்டிதான். டிரைவர் அண்ணாச்சி வெண்டைக்காய்ச் சாக்குகளை விரித்துக்கொண்டே சொன்னார்:

“முன்சக்கரத்தக் கழட்டிருங்க. சைக்கிள நிக்க வைக்காதீங்க, ஆடி ஆடி ஒண்ணோட ஒண்ணு கடிக்கும். செயின் இருக்க பக்கம் மேல பாத்துப் படுக்கப் போடுங்க, நடுவுல சாக்கு. டீசலுக்கு மட்டும் பாத்துக் குடுங்க, போதும்.”

ஒரு மெக்கானிக் பாடத்துக்குச் சமம் அது. கியர் இருக்கும் வலது பக்கம் மேலே இருக்க வேண்டும், கீழே போனால் கியரைத் தாங்கும் காது வளையும். இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே சந்தையில் ஒரு டிரைவரிடம் பேசி வைத்துவிடுகிறோம்.

பெடலைக் கழற்றுவது

எந்த வழியில் அனுப்பினாலும் பெடலைக் கழற்றினால்தான் மற்ற சைக்கிளின் கம்பிகளுக்குள் நுழையாது. இங்கேதான் புதியவர்கள் வண்டியைக் கெடுக்கிறார்கள். வலது பெடலின் மரை வழக்கமானது. இடது பெடலின் மரை தலைகீழ். எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு கல்லூரித் தம்பி, இடது பெடல் அசையவில்லை என்று ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி நின்றான். அவன் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தான். நறுக்கென்று ஒரு சத்தம். பெடலைத் தாங்கும் அலுமினிய கிராங்கின் மரை சுருள் சுருளாக, தேங்காய்த் துருவல் மாதிரி, வெளியே வந்தது. பெடல் விலை கம்மி. கிராங்க் விலை அப்படியில்லை.

மனப்பாடம் பண்ண ஒரே வாக்கியம்: ஸ்பானர் பெடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கட்டும், இரண்டு பெடலையும் பின்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் கழலும், முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் இறுகும். 15 மி.மீ. ஸ்பானர் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். மாட்டும்போது முதல் மூன்று சுற்றும் கைவிரலால்தான். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டைத்துண்டைச் செருகுங்கள். யாராவது பிரேக்கை அமுக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள், அமுக்கினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பின் கியரை எல்லாவற்றிலும் பெரிய பல்சக்கரத்தில் போட்டு வையுங்கள். கியர்க்கை உள்ளே ஒதுங்கியிருக்கும். சீட் உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் வீட்டில் அளந்து நிற்க வேண்டாம்.

மிதித்தே திரும்புவேன் என்பவர்களுக்கு

முதல் வருஷம் நானும் இன்னொருவரும் லாரியில் ஏற மறுத்தோம். வீறாப்பு. மறுநாள் காலை கொல்லத்தில் கிளம்பி, கொட்டாரக்கரை வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். அதற்குப் பிறகு தொடங்கும் மேட்டுக்கு எங்களிடம் கால் இல்லை. வரும்போது காற்றாக இறங்கிய அதே தென்மலைச் சாலை, இப்போது ஒவ்வொரு வளைவுக்கும் வட்டி கேட்டது. கழுதுருட்டிக்கு முன்னால் எனக்குக் கண் இருட்டி, ரப்பர் தோட்டத்து ஓரம் உட்கார்ந்தேன். பால் வெட்ட வந்த அம்மா ஒருத்தி தூக்குவாளியிலிருந்து சக்கரைக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்துத்தான் ஆரியங்காவு வந்தேன்.

எனவே, ஒரு நாள் முழுதாக ஓய்வு எடுக்காமல் திரும்ப மிதிக்காதீர்கள். எடுத்தால், புனலூரில் ராத்திரி தங்கி மறுநாள் விடியலில் மலையேறுங்கள். முதல் நாள் சுமார் 45 கிலோமீட்டர், மறுநாள் 50. இருட்டில் அந்தக் காட்டுச்சாலை வேண்டாம். சுமையெல்லாம் லாரியில் போகட்டும், நீங்கள் தண்ணீரும் பஞ்சர் சாமானும் மட்டும்.

சோதனைச்சாவடியும் பார்டரும்

சைக்கிளில் வருபவரை எல்லையில் யாரும் சீண்டுவதில்லை. லாரியில் பதினொரு சைக்கிள் கிடந்தால் கேட்பார்கள். பிறகொரு வருஷம் எங்களைக் கேட்டார்கள். “யாருது, எங்க வாங்கினது, விக்கவா?” பில் போட்டோவும் சட்ட எண்ணும் இருந்த ஆறு பேர் உடனே நகர்ந்தோம், மற்ற ஐந்து பேர் வீட்டுக்குப் போன் போட்டு, பீரோவில் தேடச் சொல்லி, முக்கால் மணி நேரம் நின்றார்கள். முன்னால் சொன்ன போட்டோ இதற்குத்தான்.

இறங்கி வந்தால் பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் எல்லை அங்கே இருந்தது. எல்லை மலைமேல் ஏறிப் போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது, பெயரும் புரோட்டாக் கடைகளும் போகவில்லை. எல்லோரும் அங்கே இறங்கி நாட்டுக்கோழிச் சால்னாவில் புரோட்டாவைக் கரைத்து அடிப்பார்கள். தடுக்க மாட்டேன். ஏழு நாள் மிதித்த வயிற்றுக்கு இரண்டோடு நிறுத்தலாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எட்டு தின்றவர் மறுநாள் எங்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின்

வீட்டில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் தொடையை அழுத்திப் பிசைய விடாதீர்கள். தோல் உரிந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போக ஒற்றி, தளர்ந்த வேட்டியில் காற்றாட இருங்கள். கட்டி பழுத்துக் காய்ச்சலும் வந்தால் டாக்டர். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் போய் நில்லுங்கள், அருவி தோளில் அடிப்பது சுகம்தான், ஆனால் புண் ஆறிய பிறகு. மூன்று நாள் நடை மட்டும். நாலாம் நாள் சாயங்காலம் அரை மணி நேரம் லேசாக மிதித்தால் போதும்.

முதல் வாரம் எதுவும் பிடிக்காது. காலையில் ஐந்து மணிக்கு முழிப்பு வரும், போக இடமிருக்காது. பசி மட்டும் பழையபடி வரும். இது எல்லோருக்கும் வருவது. பத்து நாளில் வடிந்துவிடும்.

சைக்கிளைக் கவனிக்க அந்த வெறும் காலை நேரங்கள் தோது. கொல்லத்துக் கடற்காற்றின் உப்பு ஏறியிருக்கும். வாளித் தண்ணீரால் கழுவித் துடையுங்கள், பேரிங் இருக்கும் இடத்தில் பீச்சி அடிக்க வேண்டாம். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒரு அடி ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்துப் பாருங்கள்: புதுச் செயினில் 12 இஞ்சில் இன்னொரு பின் சரியாக உட்காரும். 1/16 இஞ்ச் தாண்டி நின்றால் செயினை மாற்றுங்கள், இல்லையென்றால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். ஸ்போக் கம்பிகளை விரலால் சுண்டுங்கள். ஒன்று மட்டும் ‘தொப்’ என்றால் தளர்ந்திருக்கிறது.

பணம்

உண்மையில் பயணம் முடிவது இங்கேதான், அதனால் கடைசியில் வைத்தேன். நாங்கள் திரட்டுவது படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழு ஒன்றுக்கு. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் வேர்விட்ட முறை அது, 2008இல் மாநில அரசே அதற்கொரு கொள்கை வகுத்தது. கொல்லத்தில் முடிப்பதற்கும் அதுதான் காரணம்.

நிதிக்கு வந்த பணமும் வழிச்செலவுப் பணமும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது. டீ, லாரி டீசல், மண்டப வாடகை எல்லாம் ஓட்டுபவர்கள் போடும் தனிப் பணத்திலிருந்து. யாராவது ‘உங்க சாப்பாட்டுக்கு’ என்று சொல்லிக் கொடுத்தால் அதைத் தனியே எழுதுங்கள். முடிந்தவரை கொடுப்பவர்களே நேராக நோயாளிகளைப் பார்க்கும் குழுவின் வங்கிக் கணக்கில் போடட்டும். வரிச்சலுகை, அதாவது எல்லோரும் 80ஜி என்று சொல்வது, வேண்டும் என்பவரிடம் பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் அப்போதே வாங்குங்கள். மார்ச்சில் தேடி அலைய முடியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ரசீதை நீங்கள் அச்சடிக்கக் கூடாது, நிதியைப் பெறும் அமைப்புதான் தர வேண்டும்.

உண்டியலில் வந்த சில்லறையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, மறுநாளே வங்கியில் கட்டுங்கள். பத்து நாளுக்குள் ஒரு பக்கக் கணக்கு: வந்தது, ஒப்படைத்தது, ஒப்படைத்ததற்கு ரசீது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரிய தொகை கொடுத்தவர்களுக்குப் போதும். சின்னத் தொகை கொடுத்தவர்களுக்கு நேரில் போங்கள். பார்டரில் டீக்கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் வருஷா வருஷம் 50 ரூபாய் போடுவார், ரசீது வேண்டாம் என்பார். போன தடவை கணக்குத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார்.

“ஏலே, லாரி டீசல் இதுல எங்க?”

“அது எங்க கைக்காசு மாமா. இதுல வராது.”

“அப்பச் சரி” என்று தாளை மடித்து, சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு டீ ஆற்றப் போனார்.